மெல்ல ஒட்டிக்கொள்ளும் பிள்ளை

பேக்கரிக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. மாவு மூட்டையில் அச்சடித்திருக்கிற இங்கிலீஷ், ஈஸ்ட் டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிற இங்கிலீஷ், மின்சார ஆபீஸ்காரர்கள் மீட்டர் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன எச்சரிக்கை இங்கிலீஷ், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு குழந்தையை வர்ணித்து இங்கிலீஷில் அவரிடம் இதுவரை யாரும் பேசியதில்லை. ஆகவே குழந்தைகள் இல்லத்து ஆபீசரம்மா அந்த வார்த்தையைச் சொன்னதும் மனிதர் விறைத்துப்போய் நின்றுவிட்டார்.

ஆபீசரம்மா வந்தது மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். கூட ஒரு பெண் குழந்தை. ஏழு வயது இருக்கும். தன்னைவிடக் கொஞ்சமே சின்னதான ஒரு பையைத் தோளில் மாட்டியிருந்தது. பேக்கரிக்குள் நுழைகிற எந்தப் பிள்ளையும் முதலில் கண்ணாடி அலமாரியைத்தானே பார்க்கும்? இது பார்க்கவில்லை. வாசல் மிதியடியில் இரண்டு செருப்பையும் மாற்றி மாற்றித் துடைத்தது, துடைத்தது, துடைத்துக்கொண்டே இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரின் மனைவிக்கு அதைப் பார்த்தே பாதி உயிர் போய்விட்டது. பிள்ளைக்காக ஏங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்து, கடைசியில் ஒரு பிள்ளையை வளர்க்கக் கேட்டு மனுப் போட்டு, அந்த மனுவுக்காகவும் காத்துக் கிடந்தவள் அவள். ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது பெரிய விஷயம்.

குழந்தையை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஆபீசரம்மா இவர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். நல்ல பிள்ளை, பொய் சொல்லாது, சாப்பாட்டில் தகராறு கிடையாது, ஏற்கெனவே இரண்டு வீடுகளில் இருந்துவிட்டு வந்தது என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. இவ ஒரு ஸ்லோ-டு-வார்ம் சைல்டு. நீங்க அவசரப்படக் கூடாது, நெருக்கக் கூடாது. அவளா வரட்டும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூட லீவு முடிகிற சமயத்தில் வருவதாகவும், குழந்தையிடமே கேட்கப்போவதாகவும், ஒட்டவில்லை என்றால் வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இவளைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அந்த வீட்டில் விளையாட வேறு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். இந்த வீட்டில் விளையாட என்ன இருக்கிறது? ஒரு பெரிய செங்கல் அடுப்பும், வயசான ஒரு பூனையும்தான். அந்தப் பூனையும் யாரோடும் விளையாடுகிற ஜாதி இல்லை.

அன்று சாயங்காலமே மைத்துனனுக்கு ஆள் அனுப்பினார். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. மசாலா பாக்கெட்டிலிருந்து சோப்புப் பெட்டிவரைக்கும் மேலே என்ன எழுதுவது என்று யோசிப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். ரெடி-டு-ஈட், சுகர்-ஃப்ரீ, லாங்-லாஸ்டிங், ஈஸி-டு-ஓப்பன் என்று நாளெல்லாம் இரண்டு சொல்லையும் மூன்று சொல்லையும் கோத்துக் கோத்து, அதைத் தமிழிலும் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்த ஈஸி-டு-ஓப்பன் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறக்கவேண்டும் என்பது வேறு கதை.

அவன் சூடான பன் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினான். இங்கிலீஷில் இது ஒரு வசதி. மூன்று வார்த்தையை ரயில் பெட்டி மாதிரி சின்னச் சின்னக் கோடு போட்டு மாட்டிவிட்டால் ஒரே வார்த்தை ஆகிவிடும். அதைக் கொண்டுபோய் ஓர் ஆளுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். குட்-லுக்கிங் என்கிறோமே, அது அப்படித்தான். ஷார்ட்-டெம்பர்டு என்று அக்காவைச் சொல்கிறோமே, அதுவும் அப்படித்தான். அக்கா கையிலிருந்த துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் பேக்கரிக்காரர்.

சட்டென்று ஒட்டாது, மெல்ல மெல்லத்தான் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிவிட்டால் அப்புறம் பிய்க்க முடியாது, அதுதான் அர்த்தம் என்றான் மைத்துனன். திட்டுகிற வார்த்தை இல்லை. நோயும் இல்லை. குழந்தைகளுக்குத்தான் அதிகம் சொல்வார்கள், பூனைக்குச் சொல்லலாம், புது மாப்பிள்ளைக்கும் சொல்லலாம். ஆனால் வார்ம் என்றால் சூடு என்பதற்காகத் தோசைக்கல்லுக்கும் அடுப்புக்கும் சொல்வது வழக்கமில்லை. அதற்கு வேறு மாதிரி சொல்வார்கள். இதையெல்லாம் ஒரு வாத்தியார் தோரணையில் சொல்லிவிட்டு, வாசற்படி இறங்கும்போது திரும்பி, "பாக்கெட் மேல எழுதுறவன் சொல்றேன் மாமா, அத ரொம்ப நம்பிடாதீங்க. உள்ள இருக்கறது உள்ளதான் இருக்கு" என்றான்.

பேக்கரிக்காரர் முதலில் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டார். கடைசியில் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நல்ல விஷயங்களைப் படியில் இறங்கும்போது சொன்னால் யார் கேட்பார்கள்?

அவருடைய தொழிலையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். பேக்கரியில் பாதி வேலை பிசைவது, மீதிப் பாதி வேலை தொடாமல் இருப்பது. மாவு உப்ப வேண்டுமா, மூடி வைத்துவிட்டுத் தள்ளிப் போ. கேக் வேக வேண்டுமா, அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதே, பார்த்தால் நடுவில் அமுங்கிப்போகும். வேலைக்கு வந்த எத்தனையோ பேரை இதற்காகவே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். 'அவளா வரட்டும்' என்ற பேச்சு அவர் காதில் விழுந்ததும் அது நேராக இந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சரி, கதவைத் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில் சட்டம் போட்டார். குழந்தையைத் தூக்கக் கூடாது. கட்டிக்கொள்ளக் கூடாது. சும்மா சும்மா அது வேண்டுமா இது வேண்டுமா என்று கேட்கக் கூடாது. உற்றுப் பார்க்கக் கூடாது. கூப்பிடவும் கூடாது. கடைசிச் சட்டத்தைக் கேட்டதும் மனைவி வாயைப் பிளந்தாள். அவர் அசையவில்லை. "கூப்பிட்டா அவ வந்துதான் ஆகணும். அது நெருக்கறது இல்லாம வேற என்ன?" என்றார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜைமேல் வைத்தால் பார்த்து வந்து சாப்பிடுகிறாள், குளிக்கத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டால் போய்க் குளிக்கிறாள், பிறகு எதற்குக் கூப்பிடுவது?

"அவ என்ன உங்க கேக்கா, மூடி வச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்க?" என்று மனைவி கேட்டாள். கேட்டாளே தவிர அவளுக்கும் பயம். அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டாய் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிட்டால்? வாய் ஓயாதவள், கை சும்மா இராதவள், வாடிக்கையாளரின் குழந்தையாக இருந்தாலும் கன்னத்தைக் கிள்ளாமல் ரொட்டியைக் கொடுக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் ஏப்ரனுக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டில் நடமாட ஆரம்பித்தாள்.

குழந்தை வந்த மறுநாளே தன் படுக்கையைத் தானே மடித்தது. தன் தட்டைத் தானே கழுவியது. ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் தட்டைத் துடைத்து, பெரிய தட்டுகளோடு சேர்க்காமல் ஓரமாகத் தனியே வைத்தது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது. நடந்தால் சத்தம் வராது. பேக்கரிக்காரர் வேலை முடிந்து வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால், அதுவரை தரையில் படம் போட்டுக்கொண்டிருந்த குழந்தை கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். அது எழுந்து போகும்போதெல்லாம் அவர், இன்னும் ஒட்டவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் வேலை முடிந்தும் அடுப்படியிலேயே இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் மனிதரால் முழுசாகச் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் பன் உருட்டும்போது ஒரு துண்டு மாவைத் தனியாக எடுத்து ஆமை செய்தார். நாலு கால், ஒரு வால், கண்ணுக்கு இரண்டு உலர்திராட்சை, முதுகில் கத்தியால் கட்டம். வெந்து வந்ததும் அதைக் கொண்டுபோய் அலமாரியின் கீழ்த்தட்டில், ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வைத்தார். உனக்குத்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் அது நெருக்குவதாகிவிடுமே.

குழந்தை வந்து பார்த்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் மூக்குப் படாமல் குனிந்து பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் ஆமை கல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாளும் ஓர் ஆமை. அதற்கு மறுநாளும். ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரம்மா தன் பேத்திக்கு அது வேண்டும் என்று கேட்க, பேக்கரிக்காரர் அடுப்படியில் இருந்த நேரம், மனைவி வேறு வழி தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். உள்கதவு ஓரமாக நின்று குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அந்தப் பேத்தி ஆமையின் தலையைக் கடித்தபோது மட்டும் திரும்பிக்கொண்டது.

இதை மனைவி வந்து சொன்னபோது பேக்கரிக்காரர் மேஜையைச் சுரண்டினார். சுரண்டுவதற்கு அங்கே மாவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

பிறகு அந்த முழங்கால் விஷயம் நடந்தது. பின்பக்கத்து முற்றத்தில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. குழந்தை வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. மனைவி பார்த்துவிட்டாள். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் நின்றிருந்த புருஷன் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவள் அப்படியே நின்றாள். குழந்தை கீழே உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தது. முதலில் அவளை, பிறகு அவரை, மறுபடி அவளை. யாரும் வராததைப் பார்த்துக்கொண்டு, எழுந்து, நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போய், பாவாடையைத் தூக்கிப் பிடித்து, தானே கழுவிக்கொண்டது. அழவில்லை. அழாமல் இருந்ததுதான் மனைவியால் தாங்க முடியாமல் போயிற்று.

மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் புருஷனை இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை நாள் ஏப்ரனுக்குள் கிடந்த கை இரண்டும் வெளியே வந்துவிட்டன.

"யாரோ ஒரு வார்த்தையக் கொண்டாந்து அந்தப் பிள்ளைக்கு முன்னால நிறுத்திட்டுப் போயிட்டாங்க. நீங்க அந்த வார்த்தையவேதான் பாத்துக்கிட்டிருக்கீங்க. பிள்ளையப் பாக்கல. ரத்தம் வருதுங்க அவளுக்கு. அதுக்குமா பொறுமையா இருக்கணும்?"

அவர் மூட்டையின் தையலைப் பிடித்து நெருடிக்கொண்டு நின்றார். நாம் ஓடிப்போய், அவள் பயந்து, லீவு முடிந்ததும் அந்த ஊருக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். "எனக்குப் பயமா இருக்குடி" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அடுப்புப் புகைபோக்கி தீப்பிடித்த அன்றுகூட வந்ததில்லை. மனைவிக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஏப்ரனை எடுத்து அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, கடைக்குப் போனாள். போகிற வழியில் மருந்து டப்பாவை எடுத்துக் குழந்தையின் படுக்கைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

லீவு முடிந்தது. சொன்னபடி ஆபீசரம்மா வந்துவிட்டார்.

அன்று காலையிலிருந்தே பேக்கரிக்காரருக்குக் கை ஓடவில்லை. உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் மாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். ஆபீசரம்மா குழந்தையோடு தனியாகப் பேசவேண்டும் என்றதும், கூடத்துக்குப் பின்னால் குழந்தை படுக்கிற சின்ன அறையை மனைவி காட்டிவிட்டாள். அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில், தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்னச் சன்னல் உண்டு. ஒட்டுக் கேட்கவேண்டும் என்று அவர் போய் நிற்கவில்லை. அவருடைய பன் மேஜை அங்கேதான் இருக்கிறது. எங்கே போய் உருட்டுவார் மனிதர்?

இந்த வீடு எப்படி இருக்கிறது என்று ஆபீசரம்மா கேட்டார். நல்லா இருக்கு என்றது குழந்தை. அவர்கள் கத்த மாட்டார்களாம். அவர்கள் இரண்டு பேரும் ரொம்ப நல்லவர்களாம். பேக்கரிக்காரரின் கையில் மாவு அப்படியே நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. குரல் அவர் நினைத்ததைவிடக் கனமாக, லேசாகக் கரகரப்பாக இருந்தது.

அப்படியானால் அவர்களோடு பேசுகிறாயா, உட்காருகிறாயா என்று ஆபீசரம்மா கேட்டார்.

"இல்ல. நீங்கதான் சொன்னீங்கள்ல, ரொம்ப நாளா ரெண்டு பேராவே இருந்தவங்க, பழக டைம் ஆகும், தொந்தரவு பண்ணாதேன்னு. நான் பண்ணவே இல்ல. அவர் உக்கார வந்தா நான் எழுந்து போயிடுவேன், அவருக்கு எடம் வேணும்னு. அவர் ஒரு ஆம பன் செய்வாரு. ரொம்ப நல்லா இருக்கும். அது கடைக்கு. நான் தொடல. கூப்பிட்டாங்கன்னா போவணும்னுதான் பக்கத்துலயே இருந்தேன். கூப்பிடல."

இங்கே சன்னலுக்கு இந்தப் பக்கம், ஒரு மனிதர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரே புத்திமதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் ஆபீசரம்மா. ஒரு நல்ல எண்ணத்தில்தான். பெரியவர்கள் இரண்டு பேரும் பிள்ளை ஒட்டட்டும் என்று காத்துக் கிடந்தார்கள். பிள்ளை இவர்கள் ஒட்டட்டும் என்று காத்துக் கிடந்தது. மூன்று பேரும் ஒரே வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் நெருக்காமல், என்ன ஒரு மரியாதை போங்கள்.

"அப்ப என்னம்மா பண்ணலாம்? அந்த ஊருக்குப் போறியா?" என்று ஆபீசரம்மா கேட்டது காதில் விழுந்தது.

குழந்தை யோசித்தது. "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேணும்னா, நான் இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் இருக்கறது அவங்களுக்குக் கஷ்டமா இருந்தா போயிடறேன். பையெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

பேக்கரிக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கண் மறைத்தது. கை முழுக்க மாவு. கூப்பிடவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. கூப்பிடக் குரலை எடுத்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக ஒரு தடவைகூட அந்தப் பிள்ளையை அவர் எதுவும் சொல்லி அழைத்தது கிடையாது. ஒரு செல்லப் பேர் வைக்கக்கூடத் தைரியம் வராத பாவி மனுஷன். தெருவின் அந்தக் கோடியில் போகிற பால்காரரை நிறுத்துவதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறாரே, அந்தக் குரல்தான் கடைசியில் வந்தது.

"பாப்பா! ஏ பாப்பா! இங்க வா!"

அடுப்பின்மேல் படுத்திருந்த பூனை குதித்து ஓடியது. கடையில் மனைவி கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்த சத்தம் கேட்டது. ரொட்டி வாங்க நின்றிருந்தவர் காசை நீட்டியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவர் கூப்பிட்டு வாயை மூடுவதற்குள் குழந்தை அடுப்படி வாசலில் நின்றது. ஓடித்தான் வந்திருக்கவேண்டும். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. சத்தமே இல்லாமல் நடக்கிற பிள்ளை ஓடி வந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "கூப்பிட்டீங்களா?" என்றது.

"ஆமா."

"எதுக்கு?"

பேக்கரிக்காரர் முழித்தார். எதற்கு என்று அவர் யோசிக்கவே இல்லை. ஏதாவது ஒரு வேலை சொல்லலாமா என்று மேஜையைப் பார்த்தார். சொல்லத் தோன்றவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் பாவம், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புருவமெல்லாம் மாவு.

"எதுக்குமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

குழந்தை இதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அது இருந்து வந்த இடங்களில் கூப்பிட்டால் ஏதாவது காரணம் இருக்கும். வரிசையில் நிற்க, மாத்திரை விழுங்க, செய்த தப்புக்குப் பதில் சொல்ல, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப. சும்மா கூப்பிடுவது என்று ஒன்று இருப்பதை அது கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

"சும்மாவா?" என்றது.

"சும்மாதான். உன்னக் கூப்பிடணும்போல இருந்துச்சு. ரொம்ப நாளாவே இருந்துச்சு. நான்தான் கூப்பிடல. அது என் தப்பு, உன் தப்பு இல்ல."

அதற்குள் மனைவி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கூடத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, புருஷன் முகத்தையும் பிள்ளை முகத்தையும் பார்த்தால் தெரிகிற விஷயம்தானே. அறை வாசலில் ஆபீசரம்மா குழந்தையின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன்னால் வந்த வினைதான் என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் நல்லது நினைத்துச் சொன்னேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றார். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவரைக் கவனித்தாலல்லவா கோபித்துக்கொள்ள? அந்த அம்மா பையை மறுபடி அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

குழந்தை அங்கேயே நின்றது. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. பேக்கரிக்காரரை ஏறிட்டுப் பார்த்தது. இத்தனை நாளும் பார்க்காமல் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகப் பார்ப்பதுபோல மூக்கு, காது, மாவு படிந்த புருவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவரும் பார்த்தார். உற்றுப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

பிறகு அது ஏதோ தீர்மானம் பண்ணிக்கொண்டதுபோலத் திரும்பி நடந்தது. கூடத்தைத் தாண்டியது, ஆபீசரம்மாவைத் தாண்டியது, அறைக்குள் போனது. அறையின் அந்தக் கோடிவரைக்கும் போய், சன்னலுக்குத் தெரியாத மூலையில் சுவரில் முதுகு படும்படி நின்றுகொண்டது. அங்கே நின்றால் அடுப்படியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் எட்டும்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றது உள்ளேயிருந்து.

பேக்கரிக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், அவர் மனைவி கூப்பிட்டுவிட்டாள்.